பாட்டுப் பக்கத்தின் கடைசியில் அவர் கேட்டது

அந்தக் கெசட் நாடாவின் கடைசியில் என் கணவர் என்னிடம் என்ன கேட்டார்?

மூன்று வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். அவர் கேட்டதற்கு நான் பதில்கூட எழுதி அனுப்பிவிட்டேன். கேட்டது என்னவென்றுதான் இன்றுவரை தெரியாது.

அவர் சவூதிக்குப் போன நாளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். வாசித்து அழுததாக இரண்டு சகோதரிகள் கடிதம் போட்டிருந்தார்கள். இந்த வாரம் நீங்கள் அழ ஒன்றுமில்லை. என் முட்டாள்தனத்தைத்தான் எழுதப் போகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டே, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

கப்பல் ஆடும் இடம்

எல்லாம் ஒரு பாட்டில் தொடங்கியது.

கல்முனையில் வைகாசி வெயில் எப்படியிருக்கும் என்று எங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நடுப்பகல் லுஹர் தொழுது முடித்த நேரம். மகளுக்கு அப்போது எட்டு மாதம். முகட்டு வளையில் கட்டிய ஏணைக்குள் அவளைப் போட்டு ஆட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் வாங்குப் பலகையில், அவர் கூட்டாளி ஒருவரிடம் கொடுத்தனுப்பிய ரெக்கோடரில், அந்தப் பாட்டுப் போகிறது.

ஹஜ்ஜுக்குக் கப்பலேறிப் போன மகனை நினைத்து ஒரு தாய் பாடுகிற பாட்டு அது. மிக நீளமானது. கப்பல் புறப்படுவது, தாய் கரையில் நிற்பது, நடுக்கடலில் புயல் எழும்புவது, கடைசியில் கப்பல் கரை சேர்வது என்று ஒரு முழுக் கதை. பாடியவருடையது கனமான ஆண் குரல். இடையில் தப்பு மேளச் சத்தம் மட்டும் மெதுவாக வரும். வேறு எந்தப் பாட்டுக்கும் தூங்காத என் மகள் இதற்குத் தூங்குவாள்.

தூங்குவாள் என்று சொல்வது சரியில்லை. தூங்கப் போவாள். கப்பல் புறப்படும்போது கையைக் காலை அடிப்பது நிற்கும். தாய் கரையில் நிற்கும்போது கண் சொருகும். புயல் எழும்பும்போது வாய் லேசாகத் திறக்கும். இனி இரண்டே நிமிடம், ஆள் தூங்கிவிடுவாள் என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஆட்டுவேன். அலை கப்பலுக்கு மேலால் ஏறுகிற இடத்தில் "டக்" என்று ரெக்கோடர் நின்றுவிடும். ஏ பக்கம் முடிந்தது.

மகள் கண்ணை விழித்து என்னைப் பார்ப்பாள். பிறகு அழுவாள்.

உடனே திருப்பிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பி பக்கத்தின் தொடக்கத்தில் பாட்டின் மிச்சம் இருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்? பி பக்கத்தில் முதலில் நோன்பைப் பற்றி ஒரு பாட்டு, பிறகு வேறு நான்கு பாட்டுகள், எல்லாம் முடிந்த பிறகு, "கப்பல் பாட்டுத் தொடர்ச்சி" என்று ஒரு மனிதர் சத்தமாக அறிவித்துவிட்டு மிச்சத்தைப் போட்டிருந்தார்கள். அந்த மனிதரின் சத்தத்துக்கு ஏணைப் பிள்ளை என்ன, கபுறில் கிடப்பவரே எழும்பிவிடுவார்.

பாட்டைப் பங்கு போடுகிறவர்கள்

இந்தக் கெசட்டுகளைச் செய்கிறவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை என்பது மட்டும் உறுதி.

அட்டையில் ஏ பக்கம் ஆறு பாட்டு, பி பக்கம் ஆறு பாட்டு என்று அழகாக, சமமாக அச்சடித்திருப்பார்கள். உள்ளே அப்படி இருக்காது. அட்டையில் மூன்றாவதாக உள்ளது நாடாவில் ஐந்தாவதாக வரும். ஒரு பாட்டு முடிந்து மூச்சு விடுமுன் அடுத்தது தொடங்கும். சிலவற்றில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு சொற்பொழிவு. ஓடவிட்டுத் தேடினால் சொற்பொழிவின் நடுவில்தான் போய் நிற்கும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இப்படி இல்லை. என் வாப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய பள்ளிக்கூடத்தில் ஓர் இசைத்தட்டுப் பெட்டி இருந்தது. பூட்டி வைத்தால் பழுதாகிவிடும் என்று விடுமுறைக்கு அதை வீட்டுக்குக் கொண்டுவருவார். பெரிய தட்டுகளை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் ஒரு பாட்டு முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் மினுமினுவென்று ஒரு வளையம் தெரியும். எத்தனை வளையமோ அத்தனை பாட்டு. ஊசியை அந்த வளையத்தில் வைத்தால் பாட்டு முதலிலிருந்து வரும். ஊசி வைப்பது என் வேலை. தட்டைக் கீறிவிடுவேனோ என்றிருக்கும். ஆனாலும் வைப்பேன். கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தில் எனக்குப் பயம் குறைவு.

கெசட் நாடாவில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கபில நிறத்தில் ஒரே மாதிரிச் சுருண்டு கிடக்கும். பாட்டு எது, பேச்சு எது, வெறுமை எது என்று கேட்டால்தான் தெரியும். முழுவதும் கேட்டால்தான் தெரியும். இந்தக் கடைசி வசனத்தை எழுதும்போது கை நின்றுவிட்டது.

மாமி பதில் சொன்ன கெசட்

அந்த மாதத்தில்தான் அவர் தன் குரலைப் பதிந்து அனுப்பிய பேச்சுக் கெசட் வந்தது. விடுமுறையில் வந்த நிந்தவூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து தந்தார்.

கடிதம் என்றால் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். கெசட் என்றால் குடும்பமே கூடும். மருதமுனையிலிருந்து அவருடைய உம்மா, என் மாமி, பஸ் ஏறி வந்துவிட்டார். மண்டபத்தில் பன்பாய் விரித்தோம். வாப்பா கதிரையில் இருந்தார். உம்மா வெற்றிலைத் தட்டோடு இருந்தா. மாமி ரெக்கோடருக்கு மிக அருகில், பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு இருந்தார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசல் நிலையோடு சாய்ந்திருந்தேன்.

ஸலாம் சொன்னார். குரல் சற்றுக் கரகரத்திருந்தது. "உம்மா, மருந்து ஒழுங்காக் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"குடிக்கன் மகன், குடிக்கன்," என்றார் மாமி.

"கால் வீக்கம் எப்பிடி?"

"இப்ப காணா மகன். அல்லாஹ்ட காவல்."

உம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மதினி, அங்க அவருக்குக் கேக்குமா?"

"கேக்காட்டி என்ன? புள்ள கேக்கிறான், வாய மூடிட்டு இரிக்கேலுமா?" என்றார் மாமி, கையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே.

வாப்பாவுக்கு ஸலாம், உம்மாவுக்கு ஸலாம், தன் தங்கைக்குப் புத்தி, வயல் குத்தகைக்காரருக்கு ஒரு செய்தி. ஒவ்வொருவராக முடித்து, கடைசியில் என்னிடம் வந்தார். "ஸபீனா, புள்ளயப் பாத்துக்கோ. மற்றதெல்லாம் பொறகு கதைப்பம்." அவ்வளவுதான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டினேன். அது ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

"மறுபக்கம் போடு புள்ள," என்றார் மாமி.

போட்டேன். பாட்டு வந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்ததும் பாட்டுத்தான். நாடா வீணாகக்கூடாதென்று மிச்ச இடத்தில் பாட்டுப் பதிந்து அனுப்புவது அங்கே எல்லாரும் செய்கிற வேலை. வாப்பா எழும்பினார். "பாட்டு வந்திட்டு. இனி முடிஞ்சி," என்று மாமியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

அடுத்த நாள் பகல், வீட்டில் யாருமில்லாத நேரம் பார்த்து, அந்தப் பாட்டுப் பக்கத்தை நான் தனியாகக் கேட்டேன். ஐந்து பாட்டுகள். ஐந்தாவது முடிந்து வெறும் இரைச்சல். ஒரு சொல்லாவது வருமா என்று காத்திருந்தேன். பத்துவரை எண்ணினேனா, இருபதுவரை எண்ணினேனா என்று இப்போது நினைவில்லை. எண்ணினேன் என்பது மட்டும் நிச்சயம். பிறகு நிறுத்திவிட்டேன்.

உடைந்த காது

ஒரு வாரத்துக்குப் பிறகு, கப்பல் பாட்டை ஒரே துண்டாகப் பதிந்து எடுக்கலாம் என்ற யோசனை எனக்கு வந்தது. கடைத்தெருவில் ஜவாத் காக்காவின் ரெக்கோடிங் பார் இருந்தது. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், அண்ணன் முறை. நாற்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி போட்டிருப்பார். பாட்டுக்களின் மேல் அப்படியொரு பிரியம்.

உம்மாவையும் கூட்டிக்கொண்டு, கம்பனிக் கெசட்டோடு போனேன். விஷயத்தைச் சொன்னதும், "நீங்களும் அந்தப் பாட்டுக்காகவா வந்திரிக்கீங்க, தங்கச்சி?" என்று சிரித்தார். "கப்பல நடுக்கடல்ல விட்டுட்டு நோன்புப் பாட்டுக்குப் போயிட்டானுகள். என்ன மனிசனுகளோ! ஒட்டினது தெரியாம ஒண்டாக்கித் தாறன். ஆனா வெத்துக் கெசட் இல்ல. கொழும்புச் சாமான் இன்னம் வரல்ல. வீட்ட ஏதும் இரிந்தா கொண்டு வாங்க."

வீட்டில் இருந்தது ஒன்றுதான். அவர் அனுப்பியது. பேச்சு ஏ பக்கத்தில் இருந்தது. அதைத் தொடப்போவதில்லை. பி பக்கம் வெறும் பாட்டு. அதிலும் மூன்று பாட்டு எங்கள் வீட்டில் வேறு கெசட்டில் ஏற்கெனவே இருந்தன. நான் யோசிக்காமல் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு நாள் யோசித்தேன். யோசித்துத்தான் பிழை விட்டேன்.

ஜவாத் காக்கா கெசட்டை வாங்கி, அதன் மேல் விளிம்பைக் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுட காது ஒடைஞ்சிரிக்கி."

"காதா?"

விளிம்பில் சின்னதாக ஒரு சதுர ஓட்டையைக் காட்டினார். "இந்த இடத்தில ஒரு துண்டு இரிக்கும். அது இரிந்தாத்தான் மிசின் மேல பதியும். அழிஞ்சிடக் கூடாதெண்டு நினைக்கிற பக்கத்துக்கு அத ஒடச்சி விடுற. பாட்டுப் பக்கத்துக் காது ஒடைஞ்சிரிக்கி. மற்றப் பக்கம் சும்மா கிடக்கு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியதாக நினைத்தேன். "பக்கம் மாறி ஒடச்சிட்டார் போல, காக்கா. கதை இரிக்கிறது மற்றப் பக்கத்தில."

"இரிக்கும். அங்க வேல கூடதானே, அவசரத்தில ஒடச்சிருப்பார்," என்றார். ஆனாலும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். முதற்பாட்டு வந்தது. "பாட்டுத்தான்," என்று தலையை ஆட்டினார். ஓட்டைக்கு மேல் ஒட்டுத்தாள் துண்டொன்றை ஒட்டினார்.

"தங்கச்சி, இந்தப் பக்கத்தில கப்பல் ரெண்டு தரம் கரை சேரும். ரெண்டு தரமும் போடட்டா? முதலாந் தரம் புள்ள தூங்காட்டி ரெண்டாந் தரத்தில தூங்கும்."

"ஓம் காக்கா. போடுங்க."

"பொறகும் ரெண்டு நிமிசம் வெத்தாக் கிடக்கும். அதில மூணாந்தரம் தொடங்கினா நடுவில வெட்டுப்படும். பாட்ட நடுவில வெட்ட எனக்கு மனசு வாறல்ல. அத அப்பிடியே விட்டுர்றன்."

அன்று பின்னேரமே கெசட் கைக்கு வந்தது. அடுத்த பகல் ஏணைக்குப் பக்கத்தில் போட்டேன். அலை கப்பலுக்கு மேலால் ஏறியது. நான் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். "டக்" வரவில்லை. புயல் ஓய்ந்தது, கப்பல் கரை சேர்ந்தது, என் மகள் தூங்கிவிட்டாள். அன்று பகல் முழுவதும் தூங்கினாள். எழும்பவில்லையே என்று நான் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தது வேறு விஷயம்.

ஒரு மாதம் சந்தோஷமாகப் போனது.

உள்ளே மடித்த தாள்

பிறகு கடிதம் வந்தது. வாப்பா வழக்கம்போல மண்டபத்தில் இருந்து சத்தமாக வாசித்தார். உறைக்குள் இன்னொரு சின்னத் தாள் நாலாக மடித்து, என் பெயரோடு இருந்தது. வாப்பா அதை விரிக்காமல் என்னிடம் தந்தார். குசினிக்குள் போய் வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது.

"கெசட்டின் கடைசியில் நான் கேட்டதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை. யோசிக்கிறாய் என்று விளங்குகிறது. அதனால்தான் எல்லாரும் எழும்பிப் போன பிறகு நீ மட்டும் கேட்கட்டும் என்று பாட்டுக்களுக்குப் பின்னால் இடம் விட்டுப் பேசினேன். விவரமாக எழுதத் தேவையில்லை. ஓம், இல்லை என்று ஒரு சொல் போதும். இந்த மாதக் கடைசிக்குள் நான் இங்கே முடிவு சொல்ல வேண்டும்."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு அது அடிப்பிடித்தது என்று உம்மா சொன்னா. எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் கெசட்டை யார் யார் கேட்பார்கள், பாட்டு வந்ததும் யார் எழும்புவார்கள் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது மனைவியோடு தனியாகக் கதைக்க அவருக்கு வேறு என்ன வழி? ஐந்து பாட்டுகளையும் ஒரு வெறுமையையும் கதவாகச் சாத்திவிட்டு, அதற்குப் பின்னால் நின்று கதைத்திருக்கிறார். காதையும் உடைத்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். சரியான பக்கத்தில்.

ரெக்கோடரை அறைக்குள் கொண்டுபோய் அந்தப் பக்கத்தைப் போட்டேன். கப்பல் இரண்டாந்தரமும் கரை சேரும்வரை ஓடவிட்டேன். இதற்கு முன் ஒருநாளும் நான் அந்த இடம்வரை போனதில்லை. முதலாவது தரத்திலேயே மகள் தூங்கிவிடுவாள், நான் நிறுத்திவிடுவேன்.

பாட்டு முடிந்தது. ஒரு சின்ன "க்ளிக்". உடனே அவருடைய குரல், ஒரு வசனத்தின் பாதியில்:

"...அவ்வளவுதான் ஸபீனா. ஒனக்கு விருப்பமில்லாட்டி நான் செய்ய மாட்டன். உண்மையாத்தான் சொல்றன்."

ஒரு இருமல். பிறகு வெறும் இரைச்சல்.

அடுத்த நாள் ஜவாத் காக்காவிடம் ஓடினேன். என்ன இருந்தது என்று சொல்லாமல், "அடியில பழைய சத்தம் இரிக்குமா காக்கா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கெசட்டை மூன்று மிசினில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"சிலேட்டு எண்டா அழிச்சாலும் அடியில கொஞ்சம் தெரியும், தங்கச்சி. இது அப்பிடியில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கடைசிவரைக்கும் ஓடவிட்டுப் பாத்திருக்கணும். முதற்பாட்டோட நிப்பாட்டிட்டன்."

"நானும் அப்பிடித்தான் காக்கா," என்றேன்.

ஒரு சொல்

திரும்பக் கேட்டு எழுதினால் கடிதம் போய்ச் சேர இரண்டு வாரம், பதில் வர இரண்டு வாரம். மாதக் கடைசிக்கு இருந்தது பதினைந்து நாள். தந்தி அடிக்கலாம். எங்கள் தெருவுக்குத் தந்தி என்றால் மௌத்துச் செய்திதான். அடிக்கப் போனாலும் தபால் கந்தோரிலேயே ஊர் கூடிவிடும். அதில் என்னவென்று அடிப்பது? உங்கள் பேச்சுக்கு மேல் கப்பல் பாட்டைப் பதிந்துவிட்டேன் என்றா?

என்ன கேட்டிருப்பார் என்று யோசித்தேன். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே நிற்கவா என்று கேட்டிருக்கலாம். வேறு ஊரில், இன்னும் தூரத்தில், வேலை மாறவா என்றிருக்கலாம். தன் தங்கைக்கு வீடு கட்டிக் கொடுக்கும்வரை எங்கள் வீட்டின் மிச்ச வேலையை நிறுத்தி வைக்கவா என்றிருக்கலாம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டாமல் கல்யாணம் நடக்காது, அது அண்ணன்மார் தலையில் உள்ள பொறுப்பு. மாமியின் முன்னால் அவர் இதை என்னிடம் கேட்க முடியாதுதான். ஒருநாள் பகல், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் அங்கே இன்னொரு நிக்காஹ் செய்துகொள்ள அனுமதி கேட்டிருப்பாரோ என்றுகூட நினைத்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

உம்மாவிடம் பாதியைச் சொன்னேன். அழித்ததைச் சொல்லவில்லை. அவர் ஒன்று கேட்டிருக்கிறார், எனக்கு முடிவு தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"ஓம் எண்டு எழுது," என்றா உம்மா, பாக்கு வெட்டுவதை நிறுத்தாமல். "இல்ல எண்டு எழுதினா ஏன் எண்டு கேட்டு அடுத்த கடிதம் வரும். ஓம் எண்டவளிட்ட ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கிறல்ல."

உம்மா சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு தெரிந்தது. "உங்கள் விருப்பமே என் விருப்பம்" என்று முதலில் எழுதிக் கிழித்தேன். "எதைப் பற்றி" என்று எழுதிக் கிழித்தேன். மூன்றாவது தாளில் "ஓம்" என்று எழுதி, மை காயுமுன் மடித்ததில் அந்தச் சொல் எதிர்ப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது. இரண்டு ஓமாக அனுப்பினேன்.

பதில் வந்தது. என்ன முடிவு என்று அதில் ஒரு வரி இல்லை. "உன் மனசு பெரிசு, ஸபீனா. இதை நான் மறக்க மாட்டேன்" என்று மட்டும் இருந்தது.

மனசு பெரிசு. சின்ன விஷயத்துக்கு யாரும் இப்படி எழுதுவார்களா?

அதற்குப் பிறகு

அந்த வருடம் விடுமுறையில் வர வேண்டியவர் வரவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிவிட்டதாக வாப்பாவுக்கு எழுதினார். மருதமுனையில் அவர் தங்கையின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்கள், சுவர் எழும்பியது, கல்யாணமும் நடந்தது. எங்கள் வீட்டுப் பின்னறை இன்னும் கூரையில்லாமல்தான் நிற்கிறது. நான் ஓம் சொன்னது இதில் எதற்கு? எல்லாவற்றுக்குமா? இவையெல்லாம் எப்படியும் நடந்திருக்குமா? நான் சம்மதித்தது நான் இன்னும் அறியாத வேறு ஒன்றுக்கா?

அந்தக் குரலை இப்போதும் அடிக்கடி கேட்கிறேன். "ஒனக்கு விருப்பமில்லாட்டி நான் செய்ய மாட்டன்." என்னைக் கேட்டுவிட்டுத்தான் அங்கே நின்றிருக்கிறார். அப்படியானால், அவர் நீட்டிய வருடங்கள் என் கையால் எழுதியவை. என் மகள் நடக்கத் தொடங்கியதும், முதற்பல் விழுந்ததாகப் பொய்யாக அழுததும், காய்ச்சலில் கிடந்ததும் அவருக்குத் தெரியாமல் போனது என்னால்தானா?

ஒவ்வொரு கடிதத்திலும் உண்மையை எழுத நினைப்பேன். ஆனால் அந்தப் பெரிய மனசைப் பற்றி அவர் ஒவ்வொரு பெருநாள் கடிதத்திலும் ஒரு வரி எழுதிவிடுவார். நாள் போகப்போகச் சொல்வது கடினமாகிவிட்டது.

மகளுக்கு இப்போது நாலு வயது நெருங்குகிறது. வாப்பாவை அவளுக்கு அந்தக் கெசட்டில் மட்டும்தான் தெரியும். ஒரு பக்கத்தில் வாப்பா கதைக்கிறார், திருப்பிப் போட்டால் பாட்டு வருகிறது. அதனால் கப்பல் பாட்டைப் பாடுவதும் வாப்பாதான் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். "வாப்பா வந்தா நேரிலயும் பாடுவாரா உம்மா?" என்று கேட்கிறாள். அதற்கும் நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் இந்த மாதக் கடைசியில் வருகிறார். டிக்கெட் எடுத்தாயிற்று. மாமி பலகாரத்துக்கு வெள்ளை மா இடித்துக் காயப்போட்டிருக்கிறார். வாப்பா வாசல் கதவுக்குப் பூச்சுப் பூசுகிறார். வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

வாசக சகோதரிகளே, சகோதரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர் வந்து, தனித்திருக்கும்போது, "அண்டைக்கு நீ ஓம் எண்டு எழுதினதாலதான்" என்று ஒரு வசனத்தைத் தொடங்கத்தான் போகிறார். அந்த வசனம் முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்தால், கேட்டது என்னவென்று எனக்குத் தெரிந்துவிடும். என் மூன்று வருடக் கேள்வி தீரும். ஆனால் நான் செய்யாத ஒரு தியாகத்துக்காக அவர் என்னை வாழ்நாள் முழுவதும் மதிப்பார். அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு, நீங்கள் பேசியதை நான் கேட்கவேயில்லை என்று சொன்னால் அது நேர்மை. ஆனால் அந்த வெயிலில் அவர் இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டு நின்ற ஒன்றை, வந்து இறங்கிய நாளிலேயே நான் பறித்துவிடுவேன்.

என்னைப்போல் வெளிநாட்டிலிருந்து கணவர் திரும்பி வந்த அனுபவம் உள்ளவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஆண்களும் எழுதலாம். உங்கள் மனைவி இப்படிச் செய்திருந்தால் நீங்கள் எதை விரும்புவீர்கள்? முதலில் சொல்லிவிடுவதையா, சொல்லாமலே இருப்பதையா?

ஆசிரியரின் விலாசத்துக்கு எழுதினால் என் கைக்குக் கிடைக்கும். தயவுசெய்து பிந்த வேண்டாம். இன்னும் மூன்று வெள்ளிக்கிழமைகள்தான் இருக்கின்றன.